வாட்டுக்கு வெளியே உள்ள ஐம்பது கிழமைகள்

மனநல வாட்டுக்குப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவி அங்கே காண்பது, தன் வாழ்க்கையின் ஆக மோசமான கிழமையில் இருக்கும் ஒரு மனிதரை. நாலைந்து இரவாகத் தூக்கமில்லை. வீட்டார் கெஞ்சியோ இழுத்தோ கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். பொலிஸ் ஜீப்பில் வந்து இறங்கியவரும் இருப்பார். இரண்டு கிழமையில் ஆள் தெளிந்து, பேச்சு ஒழுங்குக்கு வந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு பகிடி விடத் தொடங்கும்போது துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் வருவார், அவரும் அதே கோலத்தில். போனவர் மறுபடி கடலுக்குப் போனாரா, கடையைத் திறந்தாரா, மகளின் சாமத்திய வீட்டுக்குப் பந்தல் போட்டாரா என்பதெல்லாம் மாணவிக்குத் தெரிய வழியில்லை. நோய் திரும்பி மறுபடி வருபவரை மட்டும் அவர் பார்ப்பார். அப்படியே பயிற்சிக் காலம் முடிந்துவிடும், மனநோய் வந்தால் சுகமாகாது என்ற முடிவோடு.

1984 இல் பற்றிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மருத்துவரின் மாயை என்று விளக்கினார்கள். நீண்டகாலம் நோயோடு இருப்பவர்களே மருத்துவரின் கண்ணில் திரும்பத் திரும்பப் படுகிறார்கள். சுகமாகிப் போனவர்கள் படுவதில்லை. அதனால் நோய் உள்ளதைவிடக் கொடியதாக அவருக்குத் தோன்றுகிறது. தாதியரை இந்த மாயை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். மருத்துவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகும் வாட்டில் நிற்பவர் தாதிதானே. இதைக் கலைக்க, மனநோயை அனுபவித்தவரையே தாதிய மாணவர்களுக்கு ஆசிரியராக்க வேண்டும், திருகோணமலையிலும், என்பதே என் வாதம்.

இந்த மாயையைப் புத்தகத்தால் மாற்றலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினார்கள். மனச்சிதைவு மூளையோடு தொடர்புடைய நோய், செய்வினை அல்ல, மருந்துண்டு என்று சொல்லிக் கொடுத்தால் பயம் போய்விடும் என்று. சொல்லிக் கொடுத்தார்கள். அறிவு கூடியது; தள்ளி நிற்கும் குணம் அவ்வளவாகக் குறையவில்லை. 2012 இல் பற்றிக் கொரிகனும் சகாக்களும் 14 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்களின் மனப்பாங்கை மாற்றுவதில் பாடம் நடத்துவதைவிட, மனநோயை அனுபவித்தவர்களை நேரில் சந்திக்க வைப்பதே கூடுதலாக உதவியது என்று கண்டார்கள். பத்து ஆண்டு கழித்து மனநோய் மீதான களங்கத்தை ஒழிப்பதற்காக லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழுவும் அதே முடிவுக்கு வந்தது. அந்த ஆணைக்குழுவின் இரண்டு தலைவர்களில் ஒருவரான தென்னாபிரிக்காவின் ஷார்லின் சன்கெல், தாமே மனநோயோடு வாழ்பவர்.

அப்படியானால் ஒரு கேள்வி வரும். வாட்டில் நாள் முழுக்கச் சந்திக்கிறார்களே, அது சந்திப்பில்லையா? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954 இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். இரண்டு தரப்பு வெறுமனே அருகருகே இருந்தால் போதாது. சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான ஒரு நோக்கம் வேண்டும். சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நிறுவனம் அதற்குத் துணை நிற்க வேண்டும். வாட்டில் இந்த நான்கில் எது இருக்கிறது? ஒருவர் சீருடையில் நிற்கிறார், மற்றவர் சாரத்தோடு கட்டிலில் இருக்கிறார். ஒருவர் கையில் ஊசி, மற்றவர் கையை நீட்டுகிறார். அங்கே அவருக்குப் பெயர்கூடப் பல வேளை கட்டில் இலக்கம்தான். அதே மனிதர் இரண்டு வருடம் கழித்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வகுப்பறையில் கரும்பலகைப் பக்கம் நின்று, "பிள்ளையள், அண்டைக்கு என்னைக் கட்டி வச்சு ஊசி போட்டவை. போட முதல் ஒருத்தராவது என்ன ஊசியெண்டு சொல்லியிருந்தா நான் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டன்" என்று சொன்னால் நிலை தலைகீழாகிறது. இப்போது கேட்பவர்கள் மாணவர்கள். அவர் ஆசிரியர்.

பிற நாடுகளில் இது எப்பவோ தொடங்கிவிட்டது. பிரித்தானியாவின் தாதியர், மருத்துவிச்சியர் பேரவை 2018 இல் வெளியிட்ட கல்வித் தரநியமங்களின்படி, சேவை பெறுபவர்கள் இல்லாமல் ஒரு தாதியப் பாடநெறியை வடிவமைக்கவோ நடத்தவோ மதிப்பிடவோ முடியாது. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவத் தாதியியல் மையம் 2000 ஆம் ஆண்டளவிலேயே, மனநலச் சேவையை உள்ளிருந்து அனுபவித்தவர் என்பதையே தகைமையாக வைத்துக் காத் ரோப்பர் என்பவரைக் கல்விசார் பதவியில் அமர்த்தியது. அதற்குப் பிறகு அயர்லாந்து, பின்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, நெதர்லாந்து, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'கொம்யூன்' என்ற திட்டத்தில் மனநலத் தாதியியலுக்கு ஒரு பாட அலகை உருவாக்கின. அனுபவ நிபுணர்கள் என்று அவர்கள் அழைக்கும் இந்த ஆசிரியர்கள் அந்த அலகை எழுதும் மேசையிலேயே இருந்தார்கள். எழுதி முடித்த பிறகு பேச்சாளராக அழைக்கப்பட்டவர்கள் அல்ல.

ஐரோப்பாவில் முடியும், காசுள்ள நாடு என்று சொல்லிவிடலாம். நேபாளத்தைப் பார்க்க வேண்டும். சித்வான் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தபோது, மனநோயிலிருந்து மீண்டவர்களையும் பயிற்றுநர்களாகச் சேர்த்தார்கள். அவர்கள் தாமே எடுத்த புகைப்படங்களைக் காட்டி, நோய் வந்த காலத்தையும் மீண்ட காலத்தையும் சொன்னார்கள். சிறிய முன்னோடி ஆய்வுதான். ஆனால் வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களிடம் பயின்றவர்கள் நோயாளிகளிடமிருந்து விலகி நிற்பது குறைந்திருந்தது, நோயைச் சரியாக இனங்காண்பதும் மேம்பட்டிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது விடயம். நோயாளியைக் கண்டு பயப்படாதவர்தான் அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பார். கேட்டால்தான் நோய் தெரியும்.

இனித் திருகோணமலைக்கு வருவோம்.

2012 குடிசன மதிப்பீட்டில் மூன்று இலட்சத்து எண்பதாயிரம் பேரளவில் இருந்த மாவட்டம். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று மூன்று சமூகமும் கணிசமான தொகையில் வாழ்கிறார்கள். இங்கே ஒரு மனநோயாளியின் கதையை அவருடைய மூளையிலிருந்து மட்டும் தொடங்க முடியாது. 2004 கடல்கோள் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் யாரை எடுத்தது, 2006 இல் சம்பூரிலிருந்து கிளம்பியவர்கள் எத்தனை முகாம் மாறினார்கள், எந்த வருடம் திரும்பக் காணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும். மூதூர்க்காரர் ஒருவர் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு லோஞ்சில் வர வேண்டியிருந்த காலம் உண்டு. கிண்ணியாக்காரர் 2009 இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித் துறை கடக்க வேண்டியிருந்தது. சண்டை நாளில் லோஞ்ச் ஓடாது, பாதையும் ஓடாது. கிளினிக் கொப்பியில் மட்டும் 'வரவில்லை' என்று விழுந்திருக்கும். அந்தக் கொப்பியை வாசித்து 'மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்' என்று தீர்மானிக்கும் இளம் தாதிக்கு, அந்தத் துறையில் காத்து நின்றவரே ஒரு மணிநேரம் பாடம் எடுத்தால் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

போருக்கு முந்திய வரலாறும் உண்டு. கிழக்கில் மனநோய் முற்றியவர்களைக் கொழும்புக்கு அருகே உள்ள அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே நெடுங்கால வழக்கம். அங்கொடை என்ற ஊர்ப் பெயரே வசைச் சொல்லானது அப்படித்தான். 2000 களில் மட்டக்களப்பில் உளமருத்துவர் மகேசன் கணேசனும் குழுவினரும் சிகிச்சையை ஊர் மட்டத்துக்குக் கொண்டு போனார்கள். 2005 இல் வந்த தேசிய மனநலக் கொள்கையும் மாவட்டம் தோறும் சேவை என்ற திசையைக் காட்டியது. சட்டம் மட்டும் நகரவில்லை. 1873 ஆம் ஆண்டின் பித்தர் கட்டளைச் சட்டம் பெயர் மாறி, சில திருத்தங்களோடு இன்னும் அடித்தளமாக நிற்கிறது. மறுபக்கம் 2016 இல் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. தம்மைப் பற்றிய முடிவுகளில் தம்மையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அந்தச் சமவாயம் நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்கும் தருகிறது. அவர்களைப் பராமரிக்கப் போகிறவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதும் அவர்களைப் பற்றிய முடிவுதான்.

அப்படி வருபவர் என்ன கற்பிப்பார்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று மேடையில் ஏற்றி, கண்ணீர் விட்டுக் கேட்டு, பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கதை வேண்டும்தான். ஆனால் அவரிடம் உள்ள அறிவு கதையைவிடப் பெரிது. சில விடயங்களில் அது விரிவுரையாளரிடம் இல்லாத அறிவு.

மனநிலையின் கடும் ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்தை எடுக்கும் மீனவரை எடுத்துக்கொள்வோம். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும், ஏறினால் நஞ்சாகும் என்று புத்தகம் சொல்கிறது. சித்திரை வெயிலில் விடியவிடியக் கடலில் நின்று, போத்தல் தண்ணீர் முடிந்து, கை நடுங்கத் தொடங்கும்போது அது மருந்தின் நடுக்கமா களைப்பா என்று எப்படிப் பிரித்தறிவது, எத்தனை போத்தல் தண்ணீர் கட்டிக்கொண்டு போவது என்பது அந்த மீனவருக்குத் தெரியும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் கெதியாகக் கருகும். தம்பலகாமத்து வயலில் நிற்பவரிடம் 'வெயிலில் போகாதீங்கோ' என்பது அறிவுரையே இல்லை. அவர் முழுக்கைச் சேர்ட்டும் தலைப்பாகையும் காலை பத்து மணிக்கு முன் வேலையும் என்று ஒரு வழி கண்டிருப்பார். அதே நோய்க்கான இன்னொரு மருந்து குளோசபின்; அதை எடுப்பவருக்கு இரவில் எச்சில் வழிந்து தலையணை நனையும். புதிதாகக் கலியாணம் கட்டிய பெண் அதை யாரிடம் சொல்வாள்? மருந்தை நிறுத்திவிடுவாள்.

நோன்பு காலம் இன்னொன்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் நோன்பு வந்தால் மூன்று நேர மருந்து என்ற கணக்கு உடைந்துபோகிறது. மருந்துக்காக நோன்பை விட மனமில்லாமல், நோன்புக்காக மருந்தை விடுபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரோடு பேசி, நோன்பு திறக்கும் நேரத்துக்கும் விடியமுன் சாப்பிடும் சஹருக்கும் மருந்தை மாற்றிக்கொண்டு தவறாமல் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். லித்தியம் போன்றவற்றில் அது எல்லோருக்கும் சரிவராது என்பதைப் பட்டறிந்தவர்களும் இருப்பார்கள். பெருநாள் கழிந்து மறுபடி வாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு ராத்தா, தான் ஏன் மருந்தை விட்டேன், யார் என்ன கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லும் அரை மணிநேரம், சிங்களப் பகுதியிலிருந்து முதல் நியமனத்தில் இங்கே வரும் தாதிக்கும் வேண்டும், உவர்மலையில் பிறந்த தமிழ்த் தாதிக்கும் வேண்டும்.

மொழிபெயர்ப்பும் இதோடு வரும். தாதிக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் மகனையோ மகளையோ பிடித்துக் கேட்பது நடைமுறை. பன்னிரண்டு வயது மகனை நடுவில் நிறுத்தி, 'சாகவேண்டும் என்று எண்ணம் வந்ததா' என்று அம்மாவிடம் கேட்டால் அம்மா இல்லை என்றுதான் சொல்வாள். அப்படி இல்லை என்று சொன்ன ஒரு தாயே வந்து இதை விளக்கினால், அந்த மாணவர்கள் பிறகு ஒருபோதும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க மாட்டார்கள்.

இதை மனநல வாட்டோடு மட்டும் நிறுத்தவும் கூடாது. இலங்கையில் தற்கொலை வீதம் 1995 இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்துக்குப் போனது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பெருமளவு இறங்கியது. ஆனாலும் நஞ்சருந்தி உயிர் தப்புபவர் முதலில் வந்து படுப்பது பொது மருத்துவ வாட்டில். அவர் சந்திக்கும் தாதி மனநலத் தாதி அல்ல; காய்ச்சல்காரரையும் நெஞ்சுவலிக்காரரையும் ஓடியோடிப் பார்க்கும் ஒருவர். 'வருத்தக்காரருக்கே கட்டில் இல்லை, இதுவேற' என்ற முணுமுணுப்பு அந்தக் கட்டிலில் கிடப்பவரின் காதில் விழும். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது, முணுமுணுப்பு நீங்கவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்து எழும்பியவர் தேவைப்படுவது இங்கேதான் அதிகம் என்று நினைக்கிறேன். பொதுத் தாதியம் படிக்கும் எல்லா மாணவர்களும் அவரை ஒரு தடவையாவது சந்திக்க வேண்டும்.

குரல் கேட்பவரின் நிலையை உணர்த்த ஒரு பயிற்சி உண்டு. பதின்ம வயதில் மனச்சிதைவு என்று கணிக்கப்பட்டு, பிறகு உளவியலாளரான பற்றிஷியா டீகன் உருவாக்கியது. மாணவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏசும் குரல்களைக் கேட்டபடியே படிவம் நிரப்ப வேண்டும், கணக்குச் செய்ய வேண்டும். பல நாடுகளில் தாதிய மாணவர்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். இவ்வகைப் பாவனைப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் ஒரு வில்லங்கத்தையும் காட்டின. இரக்கம் கூடுகிறது, கூடவே விலகி நிற்கும் ஆசையும் சில வேளை கூடுகிறது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்தக் கருவி நோயை மட்டும் காட்டுகிறது. அதே குரல்களைக் கேட்டுக்கொண்டே சந்தைக்குப் போய் மரக்கறி விலை பேசி வாங்கி வந்த ஆளைக் காட்டுவதில்லை. ஆளும் வகுப்பில் இருக்க வேண்டும்.

இனி ஆபத்துகள். திருகோணமலை சிறிய ஊர். திருஞானசம்பந்தர் வீதியில் ஒருவர் தும்மினால் பத்திரகாளி கோயிலடியில் கேட்கும். வகுப்பில் பேசிய அக்காவின் மகளுக்கு அடுத்த வருடம் கலியாணம் பேசும்போது, அந்த வகுப்பில் இருந்த மாணவியின் மாமி மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருக்கலாம். 'இரகசியம் காக்க வேண்டும்' என்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினால் மட்டும் இது தீராது. கிழக்கில் தாதியம் படிப்பவர்கள் பலர் மட்டக்களப்பில் படிக்கிறார்கள்; தாதியர் பயிற்சிக் கல்லூரியும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டப்படிப்பும் அங்கே இருக்கின்றன. ஆகவே திருகோணமலைக்காரர் மட்டக்களப்பில் போய்க் கற்பிக்கட்டும், மட்டக்களப்புக்காரர் திருகோணமலை வாட்டுகளில் பயிற்சிக்கு நிற்பவர்களுக்குக் கற்பிக்கட்டும். பஸ் காசு கூடும். முகம் தெரியாது. வர விரும்பாதவர் குரலை மட்டும் பதிவுசெய்து கொடுக்கலாம், ஆனால் அதில் கேள்வி கேட்க முடியாது என்ற குறை உண்டு.

யாரைத் தெரிவுசெய்வது என்பதிலும் கவனம் வேண்டும். மருத்துவர் 'நல்ல பேஷன்ட்' என்று கைகாட்டுபவர் பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அவரோடு கோபக்காரர் ஒருவரும் வேண்டும். தன்னைக் கட்டி வைத்ததை இன்னும் மன்னிக்காத ஒருவர் வகுப்பில் பேசினால் விரிவுரையாளருக்குச் சங்கடமாக இருக்கும். மாணவருக்கு அது பாடம். அதே நேரம் பழைய காயத்தைக் கிளறிவிட்டு ஆளைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று சொல்வது என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அன்று இரவு தொலைபேசியில் ஒருவர் விசாரிக்க வேண்டும். மறுபடி அழைப்பதா இல்லையா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

பராமரிப்பவர்களை இந்த இடத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். நோயாளியின் தாய் சொல்வதும் நோயாளி சொல்வதும் ஒன்றல்ல. பல வேளை எதிரெதிர். மகன் 'என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு போனவை' என்பார், தாய் 'வேற என்னத்தை நான் செய்யிறது' என்பார். பேயோட்டும் கட்டாடியிடம் நூல் கட்டி, மௌலவியிடம் ஓதிப் பார்த்து, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்து மறைத்த தாய்மார் பலர். இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்புக்குக் கூப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் முன் மற்றவர் வாயடைத்துப் போவார்.

1969 இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் பொதுமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அடியில் ஏமாற்று வேலை, நடுவில் தகவல் சொல்வதும் ஆலோசனை கேட்பதும், மேலே அதிகாரம் கைமாறுவது. வருடத்துக்கு ஒரு தடவை, ஒக்டோபர் 10 உலக மனநல தினத்தன்று ஒருவரை அழைத்துப் பேசவைப்பது நடுப்படிக்குக் கிட்டேயும் வராது. அதற்குமேல் ஏற விரும்பும் கல்லூரி முதலில் பார்க்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. அனுபவ ஆசிரியருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மணிநேரக் கட்டணம் இவருக்கு உண்டா? படிவத்தில் 'கல்வித் தகைமை' என்ற கட்டத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர் எதை நிரப்புவார்? அந்தக் கட்டத்துக்கு ஒரு விடை காணாமல் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. வகுப்பு நாள் அவருடைய ஊசி நாளில் விழாமலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது புள்ளி. நோயாளியோடு பேசும் திறன் தேர்வில் வழக்கமாக ஒரு மாணவரையோ நடிகரையோ நோயாளியாக நடிக்கவைத்து விரிவுரையாளர் புள்ளி போடுவார். அந்தக் கதிரையில் அனுபவம் உள்ளவரை இருத்தி, மாணவி தன்னிடம் பேசிய விதத்துக்கு நூறில் பத்துப் புள்ளியை அவரே போடவிட வேண்டும். விரிவுரையாளர் அதைத் திருத்தக் கூடாது. முதல் வருடத்துக்குப் பத்துப் போதும். அவர்கள் போட்ட புள்ளிக்கும் விரிவுரையாளர் போட்ட புள்ளிக்கும் எங்கே வித்தியாசம் வந்தது என்று இரு தரப்பும் இருந்து பார்த்த பிறகு, அடுத்த தொகுதி மாணவர்களுக்கு அதை இருபதாக்குவதா என்று பேசலாம்.